மாத்திரையும் ஒப்பந்தமும்



ஒரு சனிக்கிழமை காலையில் நாம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது, தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்வெட்டி ஓய்வு பெற்ற ஒரு பாட்டி வந்தார். கையில் இரண்டு மாத்திரை அட்டைகள். ஒன்று பட்டணத்தில் இருக்கும் மகன் மருந்துக் கடையில் வாங்கித் தந்தது. மற்றது அரசாங்க மருத்துவமனையில் கொடுத்தது. இரண்டுமே இரத்த அழுத்தத்துக்கு.

"தம்பி, கலரு வேற, பேரு வேற. ஆஸ்பத்திரியில குடுக்குறது நல்ல மருந்துதானா? இல்ல, ஏழைக்குன்னு ஒண்ணு தனியா வச்சிருக்காங்களா?" என்று கேட்டார்.

இரண்டையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருக்கிறாரா என்பதைத்தான் நாம் முதலில் விசாரித்தோம். நல்ல வேளை, அப்படிச் செய்யவில்லை. பிறகு இரண்டு அட்டைகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துக் காட்டினோம். பெரிய எழுத்தில் இருந்த பெயர்கள் வேறு. அவற்றின் கீழே பொடி எழுத்தில் இருந்த பெயர் இரண்டிலும் ஒன்றே: அம்லோடிபின், 5 மில்லிகிராம். பெரிய எழுத்து நிறுவனம் வைத்த பெயர். சின்ன எழுத்துத்தான் மருந்தின் பெயர். "ரெண்டும் ஒரே மருந்துதான் பாட்டி" என்றோம். அவர் விடவில்லை. "ஒரே மருந்துக்கு எதுக்கு ரெண்டு வெல?"

இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. தோட்டத்து வீட்டிலிருந்து புறப்பட்டு, ஜெனீவா, மராகேஷ், டோஹா என்று பல ஊர்களின் மாநாட்டு மண்டபங்களைச் சுற்றிவிட்டு மீண்டும் நம் ஜொகூருக்கே வந்து சேர வேண்டும். இன்றைய பேச்சில் அந்தப் பயணத்தைத்தான் மேற்கொள்ளப் போகிறோம்.

முதலில் காப்புரிமை என்றால் என்ன என்று பார்ப்போம். பேட்டண்ட் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர், அதைச் செய்யும் விதத்தை ஒளிக்காமல் எழுதி அரசாங்கத்திடம் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பதிலாக, குறிப்பிட்ட காலம் வரை அவருடைய அனுமதியின்றி வேறு எவரும் அதைச் செய்யவோ, விற்கவோ, வெளிநாட்டிலிருந்து தருவிக்கவோ கூடாது என்று அரசாங்கம் அவருக்கு உறுதி தருகிறது. காலம் முடிந்ததும் அந்த அறிவு பொதுச் சொத்தாகிவிடும். யார் வேண்டுமானாலும் செய்யலாம். பாட்டியின் இரத்த அழுத்த மாத்திரைக்கு அந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆகவே பல நாடுகளில் பல ஆலைகள் அதைச் செய்கின்றன. போட்டியில் விலை இறங்கிவிட்டது. பழைய நிறுவனத்தின் பெயரோடு வருவது மட்டும் இன்னும் கூடுதல் விலைக்கு விற்கிறது.

நூல்களுக்கும் பாட்டுகளுக்கும் உள்ள பதிப்புரிமை, கடைச் சரக்குகளின் மேலுள்ள வணிகச் சின்னம், இந்தக் காப்புரிமை ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து அறிவுசார் சொத்து என்கிறார்கள். நிலம்போல, வீடுபோல, அறிவும் ஒரு சொத்து என்பது இதன் கருத்து. பாட்டையும் சின்னத்தையும் இன்று விட்டுவிடுவோம். மனித உயிரோடு நேராகச் சம்பந்தப்பட்டது காப்புரிமைதான்.

அறிவு ஒருவருக்குச் சொந்தமாக இருக்க முடியுமா? நமக்கு மிகவும் பழக்கமான ஒரு பொருளை வைத்தே யோசிக்கலாம். பால்மரம் நம் நாட்டு மரமன்று. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். அங்கே கியூ தோட்டத்தில் முளைக்க வைத்து, அடுத்த ஆண்டு 22 கன்றுகளைச் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். நம் பாட்டன்மார் நிரை பிடித்து வெட்டிய மரங்களுக்கு மூலம் அந்தக் கன்றுகள்தாம். பிறகு சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநராக இருந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல், அதே வெட்டைத் திரும்பத் திரும்பச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். பட்டை மீண்டும் வளர்ந்துவிடும் என்று காட்டியவர் அவர். கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் அதைச் சொல்லிக்கொடுத்தார். விதைகளைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்து தோட்டக்காரர்களிடம் திணித்தார். ஒரு வெட்டுக்கு இவ்வளவு என்று அவர் உரிமைப் பணம் கேட்டிருந்தால் மலாயாவில் ரப்பர் இப்படிப் பரவியிருக்குமா என்பது சந்தேகம். விதையைப் பறிகொடுத்த பிரேசிலுக்கோ எவரும் ஒரு காசு கொடுக்கவில்லை. ஆக, அறிவு இலவசமாகப் பரவியதால் வாழ்ந்தவர்களும் உண்டு, இழந்தவர்களும் உண்டு.

மருந்து நிறுவனங்களின் வாதத்தையும் கேட்க வேண்டும். புதிய மருந்து ஒன்றைக் கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் பிடிக்கின்றன. நூறு வழிகளில் முயன்றால் தொண்ணூற்றுக்கு மேல் வீணாகிவிடுகின்றன. போட்ட முதலைத் திரும்ப எடுக்க வழியில்லையென்றால் அடுத்த மருந்தை யார் தேடுவார்கள் என்று கேட்கிறார்கள். இது நியாயமான கேள்விதான். எவ்வளவு காலத்துக்கு, எந்த விலைக்கு, யாருடைய உயிரை ஈடாக வைத்து என்பதில்தான் வழக்கு.

இந்த வழக்குக்கு ஒவ்வொரு நாடும் முன்பு தன் வசதிக்கேற்பத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டது. இந்தியாவைப் பாருங்கள். சுதந்திரத்துக்குப் பின் அங்கே மருந்து விலை மிக அதிகம். சட்டத்தை எப்படி மாற்றலாம் என்று ஆராயும் பொறுப்பு நீதிபதி இராஜகோபால அய்யங்காரிடம் ஒப்படைக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்தவர். பின்னர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர். 1959இல் அவர் கொடுத்த அறிக்கையின் அடிப்படையில் 1970இல் புதிய காப்புரிமைச் சட்டம் வந்தது. அதன் சாரம் இதுதான்: மருந்துக்கும் உணவுக்கும் பொருளின் மேல் உரிமை கிடையாது, செய்யும் முறையின் மேல் மட்டும்தான் உரிமை. இட்லிக்கு எவரும் உரிமை கொண்டாட முடியாது, நீங்கள் அவிக்கும் முறைக்கு வேண்டுமானால் கொண்டாடலாம் என்பதுபோல. வேறு முறையில் அதே மருந்தைச் செய்ய வழி பிறந்தது. பம்பாயிலும் ஹைதராபாத்திலும் மருந்து ஆலைகள் எழுந்தன. உலகத்தின் ஏழை நாடுகளுக்கெல்லாம் மலிவு மருந்து அனுப்பும் நாடாக இந்தியா ஆனது.

இந்த நிலையை மாற்றியது ஒரு வாணிப ஒப்பந்தம். 1986இல் உருகுவே நாட்டில் தொடங்கிய பேச்சு, எட்டு ஆண்டுகள் நடந்து, 1994 ஏப்ரலில் மொரோக்கோ நாட்டின் மராகேஷ் நகரில் கையெழுத்தானது. 1995 ஜனவரி முதல் நாள் உலக வாணிப நிறுவனம் பிறந்தது. மலேசியாவும் தொடக்கத்திலிருந்தே உறுப்பினர். அந்த ஒப்பந்தத்தின் ஒரு பகுதிக்கு டிரிப்ஸ் என்று பெயர். அறிவுசார் சொத்துரிமையில் வாணிபம் தொடர்பான அம்சங்கள் என்பது அதன் பொருள். எல்லா உறுப்பு நாடுகளும் குறைந்தது 20 ஆண்டுகளுக்குக் காப்புரிமை தர வேண்டும், மருந்துக்கும் தர வேண்டும் என்று அது விதித்தது. நம் நாட்டில் 1983ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் உரிமை வழங்கப்பட்ட நாளிலிருந்து 15 ஆண்டுகள் கொடுத்து வந்தது. 2001இல் அது விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளாக மாற்றப்பட்டது. இந்தியாவுக்கு 2005 வரை தவணை கிடைத்தது. அதன் பிறகு அங்கும் இட்லிக்கே உரிமை வந்துவிட்டது.

மருந்துக்கும் வாணிபத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இங்கேதான் சூட்சுமம். கடையில் அரிசி வாங்கப் போகிறீர்கள். கடைக்காரர், "அரிசி வேண்டுமானால் இந்தப் பெட்டியையும் சேர்த்து வாங்க வேண்டும், தனியாகத் தர முடியாது" என்கிறார். அரிசி இல்லாமல் முடியாது. பெட்டியையும் வாங்கிக்கொண்டு வருகிறீர்கள். நாம் செம்பனை எண்ணெய், ரப்பர் கையுறை, மின்னணுச் சாதனம் என்று உலகமெங்கும் விற்றுப் பிழைக்கும் நாடு. சந்தை வேண்டுமென்றால் டிரிப்ஸும் வேண்டும். மீறினால் வழக்கு; வழக்கில் தோற்றால் நம் சரக்குக்கு வரி. தோட்டத்தில் குலை வெட்டுகிறவரின் உழைப்பும், மருத்துவமனையில் மாத்திரையின் விலையும் இப்படி ஒரே கயிற்றில் கட்டப்பட்டன.

ஆனால் அந்தப் பெட்டிக்குள்ளேயே ஒரு சாவியும் இருந்தது. டிரிப்ஸ் ஒப்பந்தத்தின் 31ஆம் பிரிவு, உரிமையாளரின் சம்மதம் இல்லாமலே ஒரு கண்டுபிடிப்பைப் பயன்படுத்த அரசாங்கம் அனுமதி கொடுக்கலாம் என்கிறது. சாதாரண வேளையில் முதலில் உரிமையாளரோடு பேசிப் பார்க்க வேண்டும். அவசர நிலையிலும், இலாப நோக்கமில்லாத பொதுப் பயன்பாட்டுக்கும் அந்தப் பேச்சுக்கூடத் தேவையில்லை. உரிமையாளருக்குப் போதிய ஈட்டுத்தொகை கொடுக்க வேண்டும். உரிமை அவரிடமே இருக்கும். ஆகவே இதைத் திருட்டு என்று சொல்வது தவறு. சாலை போடுவதற்கு அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கொண்டு இழப்பீடு தருவதை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா? ஏறக்குறைய அதுதான். நம் நாட்டின் 1983ஆம் ஆண்டுச் சட்டத்திலும் 84ஆம் பிரிவில் அரசாங்கத்தின் உரிமைகள் என்ற தலைப்பில் இதற்கு இடம் இருக்கிறது.

சாவி இருந்தும் பல நாடுகள் அதைத் தொட அஞ்சின. எய்ட்ஸ் நோய் ஆப்பிரிக்காவை வாட்டிக்கொண்டிருந்த நேரம். மலிவு மருந்து தருவிக்கத் தென்னாப்பிரிக்கா சட்டம் போட்டதும், 1998இல் ஏறத்தாழ நாற்பது மருந்து நிறுவனங்கள் சேர்ந்து அந்த அரசாங்கத்தின்மேல் வழக்குத் தொடுத்தன. அப்போது ஒரு நோயாளிக்கு ஓராண்டு மருந்து 10,000 டாலருக்கும் மேல். 2001 பிப்ரவரியில் பம்பாயின் சிப்லா நிறுவனம், அதே மருந்துகளை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருகிறோம் என்று அறிவித்தது. உலகமே திடுக்கிட்டது. விலையில் எவ்வளவு மருந்துக்கு, எவ்வளவு உரிமைக்கு என்பது அன்றுதான் பலருக்கும் விளங்கிற்று. அந்த ஏப்ரலில் நிறுவனங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. நவம்பரில் கட்டார் நாட்டின் டோஹா நகரில் கூடிய உலக வாணிப நிறுவன மாநாடு, மக்களின் சுகாதாரத்தைக் காக்க நாடுகள் எடுக்கும் நடவடிக்கையை டிரிப்ஸ் தடுக்காது, தடுக்கவும் கூடாது என்று பிரகடனம் செய்தது.

டோஹாவுக்குப் பிறகு சாவியை எடுத்துக் கதவைத் திறந்த முதல் நாடுகளுள் ஒன்று நம் மலேசியா. இது நம்மில் பலருக்குத் தெரியாது. நமக்கும் சில ஆண்டுகளுக்கு முன்பு வரை தெரியாது. 2003 அக்டோபரில், எய்ட்ஸ் கிருமிக்கு எதிரான மூன்று மருந்துகளை இரண்டாண்டு காலத்துக்குச் சிப்லாவிடமிருந்து தருவிக்க அரசாங்கம் உரிமம் வழங்கியது. ஒரு நோயாளிக்கு மாதம் 315 டாலராக இருந்த செலவு 58 டாலராக இறங்கியது. அரசாங்க மருத்துவமனைகளில் மருந்து பெறக்கூடியவர்களின் எண்ணிக்கை 1,500இலிருந்து 4,000ஆக உயர்ந்தது.

இந்தக் கடைசிக் கணக்கைச் சற்று நின்று கவனியுங்கள். அரசாங்க மருத்துவமனையில் நாம் முகப்பில் ஒரு வெள்ளி கட்டிச் சீட்டு வாங்குகிறோம். நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. மருந்தின் விலை நம் கண்ணுக்கே தெரிவதில்லை. ஆகவே காப்புரிமை, ஒப்பந்தம் என்பதெல்லாம் பணக்காரர் விவகாரம், நம்மை ஒன்றும் செய்யாது என்று நினைத்துவிடுகிறோம். அப்படியல்ல. அரசாங்கத்திடம் இருப்பது குறிப்பிட்ட தொகைதான். மருந்து ஒன்றுக்கு ஐந்து பங்கு விலை என்றால், ஐந்து பேருக்குப் போக வேண்டிய மருந்து ஒருவருக்குத்தான் போகும். மற்ற நால்வருக்கும் எவரும் விலைச்சீட்டை நீட்டமாட்டார்கள். "இன்னும் முறை வரவில்லை, அடுத்த மாதம் வாருங்கள்" என்பார்கள். நமக்கு விலை வரிசையாக மாறி வருகிறது. தனியார் மருத்துவமனைக்குப் போகக்கூடியவர் பணத்தால் கொடுப்பதை, போக முடியாதவர் காத்திருப்பால் கொடுக்கிறார்.

இனி நம் ஜொகூரோடு தொடர்புள்ள செய்திக்கு வருவோம். ஹெபடைடிஸ் சி என்பது கல்லீரலைத் தாக்கும் ஒரு கிருமி. இரத்தத்தின் வழியாகத் தொற்றுகிறது. உள்ளே புகுந்து இருபது, முப்பது ஆண்டுகள் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, கல்லீரல் சுருங்கிய பிறகு அல்லது புற்றுநோயாக மாறிய பிறகு வெளிப்படும். பழைய சிகிச்சை ஊசி போட்டு ஓராண்டு வரை நீளும். பக்க விளைவுகள் கடுமை. பலருக்குக் குணமும் ஆகாது. 2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோபோஸ்புவிர் என்ற மாத்திரை அங்கீகாரம் பெற்றது. வேறு மருந்தோடு சேர்த்து 12 வாரம் உட்கொண்டால் பெரும்பாலோருக்கு நோய் அடியோடு போய்விடும். மருத்துவத்தில் இது பெரிய வெற்றி, சந்தேகமில்லை. விலைதான் தலைசுற்ற வைத்தது. ஒரு மாத்திரை 1,000 டாலர். நாளுக்கு ஒன்றாக 12 வாரத்துக்கு 84 மாத்திரை. ஆக 84,000 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் இரண்டரை இலட்சம் வெள்ளிக்கு மேல். அதே 12 வார மருந்தைப் பேரளவில் தயாரித்தால் அடக்கவிலை 68 முதல் 136 டாலர்தான் இருக்கும் என்று இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். விற்றது கிலியட் என்ற நிறுவனம். மருந்தை முதலில் உருவாக்கியது அந்த நிறுவனமன்று. உருவாக்கிய சிறிய நிறுவனத்தை 2011இல் 1,100 கோடி டாலருக்கு விலை பேசிய நிறுவனம் அது. கொடுத்த பணத்தை எடுக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

கிலியட் ஏழை நாடுகளை அறவே மறந்துவிடவில்லை. 2014இல் சில இந்திய ஆலைகளுக்கு அனுமதி கொடுத்து, 91 நாடுகளில் மலிவாக விற்கச் சொன்னது. அந்தப் பட்டியலில் மலேசியா இல்லை. காரணம் என்ன தெரியுமா? நாம் வளர்ந்துவிட்டோம்! சராசரி வருமானத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மலேசியா உயர் நடுத்தர வருமான நாடு. சராசரி என்பது விசித்திரமான கணக்கு. கோலாலம்பூர் கோபுரத்தில் இருப்பவரையும் தோட்டத்து லயத்தில் இருப்பவரையும் கூட்டி இரண்டால் வகுத்தால் இருவரும் வசதியானவர்களே. அப்போது நாட்டில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேருக்கு இந்தக் கிருமி இருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டது.

அந்த நேரத்தில் சுகாதார அமைச்சராக இருந்தவர் டத்தோஸ்ரீ டாக்டர் எஸ். சுப்ரமணியம், நம் ஜொகூரின் சிகாமட் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர். நிறுவனத்தோடு நடத்திய விலைப் பேச்சு பலன் தரவில்லை. பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட மூன்றாம் உலக நெட்வொர்க் போன்ற அமைப்புகளும் நோயாளிகளின் சங்கங்களும் 84ஆம் பிரிவைப் பயன்படுத்துங்கள் என்று வலியுறுத்தி வந்தன. 2017 ஆகஸ்டில் அமைச்சரவை இணங்கியது. அதே மாதக் கடைசியில், கிலியட் தன் மலிவு விலைப் பட்டியலில் மலேசியாவையும் சேர்ப்பதாக அறிவித்தது. மூன்றாண்டுகளாகத் திறக்காத கதவு, வேறு கதவு திறக்கும் ஓசை கேட்டதும் திறந்துகொண்டது என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. அரசாங்கம் பின்வாங்கவில்லை. செப்டம்பர் 13ஆம் நாள் உரிமம் பற்றிய முடிவை அமைச்சர் அறிவித்தார். சோபோஸ்புவிருக்கு இப்படி உரிமம் கொடுத்த முதல் நாடு மலேசியாவே. 2018 முதல் அரசாங்க மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சை இலவசமாகக் கொடுக்கப்படலாயிற்று. ஒரு நோயாளிக்கான மருந்துச் செலவு ஆயிரம் வெள்ளியை ஒட்டி வந்து நின்றது. எகிப்து நாட்டின் பார்கோ நிறுவனம், ஜெனீவாவைச் சேர்ந்த புறக்கணிக்கப்பட்ட நோய்களுக்கான மருந்து முயற்சி அமைப்பு ஆகியவற்றோடு சேர்ந்து, ராவிடாஸ்விர் என்ற துணை மருந்தையும் மலேசியாவும் தாய்லாந்தும் சோதித்தன. 12 வாரச் சிகிச்சைக்குப் பின் 97 விழுக்காட்டினர் குணமடைந்ததாக 2018இல் அறிவிக்கப்பட்டது. 2021இல் அந்த மருந்துக்கு நம் நாடு முதல் அங்கீகாரம் அளித்தது.

இதை எல்லாரும் வாழ்த்தி வரவேற்றார்கள் என்று எண்ண வேண்டாம். அமெரிக்க மருந்து நிறுவனங்களின் சங்கம் 2018இல் தன் அரசாங்கத்திடம் மலேசியாவைப் பற்றிப் புகார் செய்தது. ஒப்பந்தம் அனுமதித்த ஒன்றைச் செய்ததற்கே இந்த நிலை.

மற்றொரு பக்கத்தில், சாவியையே சிறிதாக்கும் முயற்சியும் நடந்து வந்தது. அதுதான் பசிபிக் வட்டாரப் பங்காளித்துவ ஒப்பந்தம். 12 நாடுகள் சேர்ந்து 2016 பிப்ரவரியில் கையெழுத்திட்டன, மலேசியாவும் ஒன்று. டிரிப்ஸ் கேட்டதைவிட அதிகமாக இது கேட்டது. காப்புரிமை அலுவலகமோ மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகமோ தாமதம் செய்தால் 20 ஆண்டை நீட்ட வேண்டும் என்றது. மருந்துச் சோதனைத் தகவல்களுக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும் என்றது. இந்த இரண்டாவது விஷயம் எளிதில் புரியாது, ஆகவே விளக்குகிறோம். முதல் நிறுவனம் ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் சோதித்து, மருந்து பத்திரமானது என்று நிரூபிக்கிறது. பின்னால் அதே மருந்தைச் செய்யும் மலிவு ஆலை, "எங்களுடையதும் அதே பொருள்தான்" என்று காட்டி, அந்தச் சோதனையை ஆதாரமாக வைத்தே பதிவு செய்துகொள்ளும். தகவல் பாதுகாப்பு வந்துவிட்டால், சில ஆண்டுகளுக்கு அந்த ஆதாரத்தைத் தொட முடியாது. காப்புரிமை என்ற பூட்டு இல்லாத மருந்துக்கும் இப்படி வேறொரு பூட்டு விழுந்துவிடும். நம் நாட்டில் 2011 முதல் ஐந்தாண்டு வரைக்குமான இத்தகைய பாதுகாப்பு ஒன்று இருக்கிறது. ஆனால் அரசாங்கம் உரிமம் வழங்கும் மருந்துக்கு அது குறுக்கே நிற்காது. பசிபிக் ஒப்பந்தம் சில வகை மருந்துகளுக்கு எட்டாண்டு வரை கேட்டது.

2017 ஜனவரியில் அமெரிக்கா தானாகவே விலகிக்கொண்டது. மீதி 11 நாடுகள் 2018 மார்ச்சில் சிலி நாட்டில் கூடி ஒப்பந்தத்துக்குப் புத்துயிர் கொடுத்தபோது, 22 விதிகளை நிறுத்தி வைத்தன. அவற்றில் 11 விதிகள் அறிவுசார் சொத்து பற்றியவை; மருந்து பற்றி நாம் மேலே சொன்ன இரண்டும் அவற்றில் அடக்கம். மலேசியாவுக்கு இந்த ஒப்பந்தம் 2022 நவம்பர் 29 முதல் நடப்புக்கு வந்தது. நிறுத்தி வைக்கப்பட்டவை அழிக்கப்பட்டவை அல்ல என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். உறுப்பு நாடுகள் எல்லாம் ஒப்பினால் அவற்றை எழுப்பலாம். விதைகளைப் பற்றியும் இந்த ஒப்பந்தத்தில் நிபந்தனை இருக்கிறது. நம் நாட்டின் 2004ஆம் ஆண்டுப் புதிய தாவர வகைச் சட்டம், சிறு விவசாயிகள் தமக்குள் விதை மாற்றிக்கொள்ள இடம் விட்டிருக்கிறது. அது பெரிய விஷயம். வேறொரு நாள் தனியே பேச வேண்டும். நீதிமன்றங்களுக்கும் இதில் பங்கு உண்டு. இரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்தைச் சிறிது மாற்றிவிட்டு நோவார்ட்டிஸ் நிறுவனம் புதுக் காப்புரிமை கேட்டபோது, சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஏப்ரலில் நிறுவனம் தோற்றது. மாவில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் புது மாவு என்று சொல்ல விடமாட்டோம் என்று சொன்னதுபோல இருந்தது அந்தத் தீர்ப்பு.

ஹெபடைடிஸ் சி மருந்து வந்துவிட்டது. ஆனால் கிருமி உள்ள பலருக்கு அது இருப்பதே தெரியாது. இந்தக் கிருமி கண்டறியப்பட்டதே 1989இல்தான். ஆகவே 1990களின் தொடக்கத்துக்கு முன் ஏற்றப்பட்ட இரத்தம் இதற்காகச் சோதிக்கப்பட்டதன்று. அந்தக் காலத்தில் விபத்துக்கோ, பிரசவத்துக்கோ, அறுவைச் சிகிச்சைக்கோ இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. போதை ஊசியை ஒருவரோடு ஒருவர் பகிர்ந்துகொண்டவர்களும், சுத்தமில்லாத ஊசியால் பச்சை குத்திக்கொண்டவர்களும், சிறுநீரகத்துக்காக நெடுநாள் இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்பவர்களும் அப்படியே. கடந்த காலத்தை நினைத்து வெட்கப்பட்டு வீட்டிலே இருந்துவிட வேண்டாம். டாக்டர் கேட்பது நோய்க்காகத்தான், நீதி விசாரணைக்காக அன்று. பக்கத்தில் உட்கார்ந்து உண்பதாலோ, கட்டிப் பிடிப்பதாலோ, ஒரே குவளையில் குடிப்பதாலோ இது தொற்றாது. சவரக் கத்தியையும் பல்துலக்கியையும் மட்டும் ஒருவருடையதை மற்றவர் பயன்படுத்தக் கூடாது. அருகில் உள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில், "ஹெபடைடிஸ் சி சோதனை செய்ய வேண்டும்" என்று அதே பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஹெபடைடிஸ் பி வேறு. அதற்குத் தடுப்பூசி உண்டு, இதற்கு இல்லை. பழைய மருத்துவமனைச் சீட்டு வீட்டில் கிடந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.